பொறியியல் கல்லூரியின் வாயிலைத் திறந்த லலிதா அம்மையார்

கல்வி எல்லோர்க்கும் பொது என்று நாம் மேடைகளில் பேசுகிறோம். ஆனால் கல்விக்கூடங்களின் கதவுகள் எல்லாக் காலத்திலும் எல்லோர்க்கும் திறந்திருக்கவில்லை. ஒவ்வொரு கதவையும் யாரோ ஒருவர் முதலில் தட்ட வேண்டியிருந்தது. தட்டியவரின் பெயரைப் பல வேளைகளில் நாம் மறந்துவிட்டு, திறந்த கதவின் வழியே மட்டும் நடந்து செல்கிறோம்.

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வின் முடிவு வந்தவுடன் நம் ஊர் வீடுகளில் எழுகின்ற கேள்வி, மகளை அடுத்து என்ன படிக்க வைப்பது என்பதுதான். துறைமுகத்தில் வேலை செய்யும் தந்தையானாலும், வள்ளத்தில் கடலுக்குப் போகும் தந்தையானாலும், உப்பளத்தில் வெயிலில் நிற்கும் தாயானாலும், கம்ப்யூட்டர் படிப்பு என்ற விடையை இன்று எளிதாகச் சொல்லிவிடுகின்றனர். நான்கு ஆண்டுகள் பொறியியல் கல்லூரியில் தங்கி, நிரல் எழுதும் கலையை அடிப்படையிலிருந்து உயர்நிலை வரை கற்று, பட்டம் பெற்று வரும் பெண்கள் இன்று நம் தெருக்களிலேயே இருக்கின்றனர். இவர்களுக்கெல்லாம் முன்னோடியாக, பொறியியல் கல்லூரி என்றால் ஆண்களின் கல்லூரி என்றிருந்த நாளில், கையில் குழந்தையோடு நின்ற ஓர் இளம் கைம்பெண் அந்த வாயிலைத் தட்டினார். இந்தியாவின் முதல் பெண் பொறியாளர் என்று போற்றப்படும் ஏ. லலிதா அம்மையாரே அவர். அவருடைய வாழ்க்கையை நம் மாணவியரும் பெற்றோரும் அறிந்துகொள்வது நன்று எனக் கருதி இங்கே சுருக்கமாகத் தருகின்றோம்.

பிறப்பும் இளமையும்

லலிதா 1919-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் 27-ஆம் நாள் சென்னையில், தெலுங்கு பேசும் நடுத்தரக் குடும்பம் ஒன்றில் பிறந்தார். பிள்ளைகள் எழுவரில் இவர் ஐந்தாமவர். தந்தையார் பப்பு சுப்பாராவ், கிண்டிப் பொறியியல் கல்லூரியில் மின்பொறியியல் பேராசிரியராக விளங்கியவர். படிப்பின் மணம் வீசிய வீடுதான் அது. ஆயினும் அக்கால வழக்கம் அந்த வீட்டையும் விட்டுவைக்கவில்லை. ஆண்மக்கள் பொறியாளர்களாக உயர, பெண்மக்களின் படிப்பு தொடக்க நிலையோடு நின்று, அதன்பின் திருமணம் என்பதே ஒழுங்காக இருந்தது.

1934-ஆம் ஆண்டில், பதினைந்து வயதில், லலிதாவுக்குத் திருமணம் நடந்தது. இன்று இதைப் படிக்கும் ஒன்பதாம், பத்தாம் வகுப்பு மாணவியர் தங்கள் வயதை எண்ணிப் பார்க்கட்டும். 1929-ஆம் ஆண்டுச் சட்டம் பெண்ணின் திருமண வயதைப் பதினான்கு என்றே வைத்திருந்ததால், சட்டத்தின் பார்வையில்கூட அதில் தவறில்லை. திருமணத்துக்குப் பின்னும் பத்தாம் வகுப்பு வரை அவர் படிப்பைத் தொடர முடிந்தது. தந்தையார் அதில் உறுதியாக இருந்தார்.

1937-ஆம் ஆண்டில் பெண்குழந்தை பிறந்தது. குழந்தைக்கு நான்கு மாதம் ஆனபோது கணவர் இறந்துபோனார். பதினெட்டு வயதிலேயே லலிதா கைம்பெண் ஆனார்.

அக்காலத்தில் இளம் கைம்பெண்ணின் நிலை எப்படி இருந்தது என்பதை நம் பாட்டிமார் சொல்லக் கேட்டிருப்போம். தலைமயிரை மழித்து, வெள்ளைச் சேலை உடுத்தி, நல்ல காரியங்களில் முன்னே வராமல், வீட்டின் ஒரு மூலையில் வாழ்நாளைக் கழிப்பதே அவர்களுக்கு விதிக்கப்பட்ட வாழ்வு. மற்றவர் தயவில் உண்ணும் சோறு அது. லலிதா அந்த மூலையில் சென்று அமரவில்லை. தன் குழந்தையைத் தன் உழைப்பால் வளர்க்க வேண்டும், அதற்கு ஒரு தொழில் வேண்டும், தொழிலுக்குப் படிப்பு வேண்டும் என்று அவர் முடிவு செய்தார்.

பொறியியலைத் தேர்ந்த காரணம்

சென்னை இராணி மேரிக் கல்லூரியில் சேர்ந்து, இன்டர்மீடியட் தேர்வில் முதல் வகுப்பில் தேறினார். அடுத்து என்ன என்ற கேள்வி எழுந்தது. அந்நாளில் படித்த பெண்கள் ஆசிரியராவர். சிலர் மருத்துவம் படிப்பர். மருத்துவக் கல்லூரிகளில் பெண்களுக்கு முன்பே இடம் இருந்தது. ஆனால் மருத்துவரை எந்த நேரத்திலும், நள்ளிரவிலும்கூட, நோயாளி அழைப்பார். அப்போது குழந்தையை யார் பார்ப்பது? காலையில் சென்று மாலையில் வீடு திரும்பும் வேலை தனக்கு வேண்டும் என்று லலிதா நினைத்தார். தந்தையும் உடன்பிறந்தவர்களும் பொறியாளர்களாக இருந்த வீட்டில், பொறியியல் அவருக்குப் புதியதன்று. ஆகவே பொறியியலையே தேர்ந்தார்.

இதில் நாம் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்று உண்டு. சரித்திரத்தில் இடம் பெறுவதற்காக அவர் அந்தப் படிப்பைக் கேட்கவில்லை. ஒரு தாய் தன் பிள்ளையின் நலனைக் கருதிச் செய்த கணக்கே அது. ஆனால் அந்தக் கணக்கு, நாட்டின் பெண்கள் அனைவருக்கும் புதியதொரு வழியை வகுத்துவிட்டது.

கிண்டியின் வாயில்

கிண்டிப் பொறியியல் கல்லூரி மிகப் பழமையானது. 1794-ஆம் ஆண்டில் சென்னைக் கோட்டைப் பகுதியில் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, பின்னர் பொறியியல் கல்லூரியாக வளர்ந்து, 1920-இல் கிண்டிக்கு வந்து சேர்ந்தது. ஏறத்தாழ நூற்றைம்பது ஆண்டுக் காலம் அங்கே ஒரு பெண்ணும் மாணவியாகச் சேர்ந்ததில்லை. பெண்கள் சேரக்கூடாது என்று எழுதி வைத்தது காரணமா, எவரும் கேட்கவே இல்லை என்பது காரணமா என்று ஆராய்வதைவிட, கேட்கும் துணிவு எவருக்கும் வரவில்லை என்று கொள்வதே பொருந்தும்.

பேராசிரியர் சுப்பாராவ் தம் மகளுக்காகக் கேட்டார். கல்லூரி முதல்வர் கே. சி. சாக்கோ அவர்களிடம் மகளின் மதிப்பெண்களையும் நிலைமையையும் எடுத்துரைத்தார். முதல்வர் இசைந்தார். மாகாணத்தின் பொதுக்கல்வி இயக்குநராக இருந்த ஆர். எம். ஸ்டேதம் அவர்களும் ஒப்புதல் அளித்தார். இவ்வாறு 1940-ஆம் ஆண்டளவில், இரண்டாம் உலகப்போர் நடந்துகொண்டிருந்த வேளையில், லலிதா மின்பொறியியல் வகுப்பில் அமர்ந்தார்.

நம் முத்துக்குளித்துறைக் கரையில் பெரியவர்கள் சொல்லும் செய்தி ஒன்று இங்கே நினைவுக்கு வருகிறது. முத்துக்குளிக்கக் கடலில் இறங்குபவரின் உயிர், மேலே தோணியில் கயிறு பிடித்து நிற்பவரின் கையில் இருந்தது. ஆகவே அந்தக் கயிற்றை மச்சானிடமே கொடுப்பார்களாம். தன் அக்காள் தங்கை தாலி அறுக்கக் கூடாது என்ற கவலை அவனுக்கு இருக்குமல்லவா? 1961-ஆம் ஆண்டோடு நம் கடலில் முத்துக்குளிப்பு நின்றுபோனாலும், அந்தச் சொல்லின் பொருள் நிற்கவில்லை. ஆழத்தில் இறங்கத் துணிபவர் ஒருவர். கயிற்றை விடாமல் பிடிப்பவர் இன்னொருவர். லலிதா இறங்கினார், அவருடைய தந்தையார் கயிற்றைப் பிடித்திருந்தார். இருவரில் ஒருவர் இல்லாதிருந்தாலும் இந்த வரலாறு இல்லை.

விடுதியில் தனிமை

கல்லூரியில் நூற்றுக்கணக்கான ஆண் மாணவர்கள். நடுவில் ஒரே ஒரு பெண். அவருக்கென விடுதியில் தனியிடம் ஒதுக்கினர். கைக்குழந்தையை விடுதியில் வைத்திருக்க இயலாதாகையால், அதை உறவினர் வீட்டில் வளரவிட்டு, வார இறுதியில் சென்று பார்த்து வந்தார். உடன் படித்த மாணவர்களும் ஆசிரியர்களும் மரியாதையாகவே நடந்துகொண்டனர். ஆயினும் மாலை வேளையில் ஒரு வார்த்தை பேசத் தோழி ஒருவரும் இல்லாத தனிமை அவரை வருத்தியது.

இந்தத் தனிமைக்கு வந்த மருந்துதான் இந்த வரலாற்றின் மிக அழகான பகுதி. தந்தையார் மகளை வீட்டுக்கு அழைத்துக்கொள்ளவில்லை. பொறியியல் படிக்கப் பெண்களும் விண்ணப்பிக்கலாம் என்று வெளிப்படையாக அறிவிக்கும்படி கல்லூரி நிர்வாகத்தைக் கேட்டுக்கொண்டார். கல்லூரியும் அவ்வாறே விளம்பரம் செய்தது. அதன் பயனாக இருவர் வந்து சேர்ந்தனர். லீலம்மா ஜார்ஜ் ஒருவர், பி. கே. திரேசியா மற்றொருவர். இருவரும் கேரளத்தைச் சேர்ந்தவர்கள். கட்டடம், சாலை, பாலம் பற்றிய சிவில் பொறியியல் படிக்க வந்தவர்கள். திரேசியா, திருச்சூரை அடுத்த எடத்திருத்தி என்னும் சிற்றூரில் உழவுத்தொழில் செய்த கத்தோலிக்கக் குடும்பத்தின் பெண். ஒருவருக்காகத் திறந்த கதவு, இப்படி மூவருக்கும் பின்னர் எல்லோருக்கும் உரியதாயிற்று.

போர்க்காலத்தில் பொறியாளர்கள் அவசரமாகத் தேவைப்பட்டதால் பாடத்திட்டம் சுருக்கப்பட்டது. அதனால், பின்னால் வந்த அவ்விருவரும் லலிதாவோடு சேர்ந்தே படிப்பை முடித்தனர். 1943-ஆம் ஆண்டில் லலிதா மின்பொறியியல் பட்டதாரியானார். பட்டச் சான்றிதழ் பற்றி ஒரு சுவையான செய்தி உண்டு. அதில் மாணவரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல் ஆண்பாலில்தான் அச்சிடப்பட்டிருந்தது. பெண் ஒருத்தி அதைப் பெறுவாள் என்று அச்சடித்தவர் எதிர்பார்க்கவில்லை. ஆகவே அச்சிட்ட சொல்லைப் பேனாவால் அடித்துவிட்டு, பெண்பால் சொல்லைக் கையால் எழுதிக் கொடுத்தனர். அந்தச் சிறிய பேனாக்கோடு, பல்கலைக்கழகத்தின் நெடுநாள் பழக்கத்தின்மேல் விழுந்த கோடு என்றே சொல்லலாம்.

பணியும் பயிற்சியும்

பட்டத்தோடு செய்முறைப் பயிற்சியும் வேண்டும் என்பது விதி. லலிதா பீகார் மாநிலத்து ஜமால்பூர் இரயில்வே பட்டறைக்குச் சென்று ஓராண்டு பயிற்சி பெற்றார். 1862-ஆம் ஆண்டில் தொடங்கிய அந்தப் பட்டறை, இரயில் எஞ்சின்களைப் பழுதுபார்க்கும் பெரும் தொழிற்கூடம். உலைகளும் சம்மட்டி ஓசையும் எண்ணெய்ப் பிசுக்கும் நிறைந்த அந்த இடத்தில் சேலை உடுத்திய ஒரு பெண் பொறியாளர் பயிற்சி பெறுவது எத்தகைய காட்சியாக இருந்திருக்கும் என்பதை நாம் எண்ணிப் பார்க்கலாம்.

1944-இல் சிம்லாவில் இருந்த மத்தியத் தர நிர்ணய அமைப்பில் பொறியியல் உதவியாளராகப் பணியேற்றார். சகோதரரின் குடும்பத்தோடு தங்கி, குழந்தையையும் உடன் வைத்துக்கொள்ள முடிந்தது. அப்போதே இலண்டன் மின்பொறியாளர் நிறுவனத்தின் பட்டத்தேர்வையும் எழுதினார். 1946-ஆம் ஆண்டின் இறுதி வரை அங்கே பணியாற்றிவிட்டு, பின்னர் சென்னைக்கு வந்து தந்தையாரின் ஆராய்ச்சிகளுக்குத் துணை நின்றார். மின்சாரத்தால் இசைக்கும் கருவி ஒன்றையும், புகையில்லா அடுப்பையும் உருவாக்குவதில் தந்தையார் ஈடுபட்டிருந்தார். ஆர்வம் இருந்தது; ஆனால் வருமானம் போதவில்லை. மகளின் படிப்புச் செலவை எண்ணி, 1948-இல் கல்கத்தாவில் இருந்த அசோசியேட்டட் எலக்ட்ரிகல் இண்டஸ்ட்ரீஸ் என்னும் ஆங்கிலேய நிறுவனத்தில் வேலைக்குச் சேர்ந்தார். அங்கும் ஒரு சகோதரரின் குடும்பம் துணையாயிற்று. அடுத்த முப்பது ஆண்டுகள் அவருடைய வாழ்வு அந்த நகரிலேயே அமைந்தது.

அவர் செய்த வேலை என்ன?

பொறியாளர் என்றவுடன், திருகும் சுத்தியலும் கையில் கொண்டவர் என்று சிறுமியர் நினைக்கக் கூடும். லலிதா அம்மையாரின் வேலை பெரும்பாலும் மேசையில் அமர்ந்து திட்டம் வகுப்பது. மின்கம்பித் தடங்களை அமைத்தல், துணை மின்நிலையங்களின் வரைபடம் தீட்டுதல், பாதுகாப்புக் கருவிகளை முடிவு செய்தல் ஆகியவை அவர் பொறுப்பில் இருந்தன. சட்லெஜ் ஆற்றின்மேல் எழுந்த பக்ரா நங்கல் அணைத் திட்டத்தின் மின்னாக்கக் கருவிகள் தொடர்பான பணியிலும் அவருக்குப் பங்குண்டு. 226 மீட்டர் உயரமுள்ள பக்ரா அணையை 1963-இல் பிரதமர் நேரு நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

மின்னாக்க நிலையத்தில் பிறக்கும் மின்சாரத்தை அப்படியே தொலைவுக்கு அனுப்பினால், வழியிலேயே கம்பியைச் சூடாக்கி வீணாகிவிடும். ஆகவே மின்மாற்றியால் அதன் அழுத்தத்தைப் பன்மடங்கு உயர்த்தி அனுப்புவர். ஊருக்கு அருகில் துணைநிலையத்தில் மீண்டும் குறைத்து வீடுகளுக்குத் தருவர். 1979-ஆம் ஆண்டில் நம் தூத்துக்குடி அனல்மின் நிலையத்தின் முதல் அலகு இயங்கத் தொடங்கியபோதும் இந்த முறையிலேயே மின்சாரம் வெளியூர்களுக்குச் சென்றது. வழியில் இடி விழலாம். மரக்கிளை கம்பிமேல் சாயலாம். அப்போது மின்னோட்டம் அளவு மீறிப் பாயும். அதை நொடிப்பொழுதில் உணர்ந்து, பழுதான பகுதியை மட்டும் துண்டித்துவிட்டு, மற்றப் பகுதிகளைக் காப்பதே ரிலே என்னும் பாதுகாப்புக் கருவியின் வேலை.

கம்ப்யூட்டர் பயிலும் மாணவியர் இந்த இடத்தைச் சற்றுக் கூர்ந்து படிக்க வேண்டும். மின்னோட்டம் இந்த அளவுக்கு மேல் போனால் துண்டித்துவிடு, இல்லையேல் விட்டுவிடு என்பதே ரிலேக்குக் கொடுக்கப்படும் கட்டளை. இந்த இரண்டு நிபந்தனைகளும் சேர்ந்து நிறைவேறினால் மட்டும் இயங்கு என்றும், இவற்றில் ஏதாவது ஒன்று நிறைவேறினாலே இயங்கு என்றும் ரிலேக்களை ஒன்றோடொன்று கோத்து அமைக்கலாம். நிரல் எழுதும் பாடத்தில் முதல் வாரமே நீங்கள் கற்கும் நிபந்தனைக் கட்டளையும் இதுவேயன்றோ? 1937-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் கிளாட் ஷானன் என்னும் இளைஞர், தம் முதுகலை ஆய்வில், ரிலேச் சுற்றுகளைத் தருக்கக் கணிதத்தால் எழுதிக் காட்ட முடியும் என்று நிறுவினார். கணிப்பொறிச் சுற்றுகளின் அடித்தளம் அதுவே. லலிதாவின் வாழ்க்கை இருண்டுபோனதும் அந்த ஆண்டையொட்டித்தான். அவர் பின்னர் சேர்ந்த மின்பொறியியல் துறைதான், உலகெங்கும் கணிப்பொறிக் கல்வி பிறந்து வளர்ந்த தொட்டில்களுள் ஒன்று.

அவர் பணியாற்றிய அதே கல்கத்தாவில்தான், 1950-களின் நடுவில், இந்தியப் புள்ளியியல் கழகத்தில் நாட்டின் முதல் மின்னணுக் கணிப்பொறி இங்கிலாந்திலிருந்து கொண்டுவந்து நிறுவப்பட்டது. 1963-இல் கான்பூர் ஐ.ஐ.டி.யிலும், 1973-இல் சென்னை ஐ.ஐ.டி.யிலும் பெரும் கணிப்பொறிகள் வந்தன. கிண்டிக் கல்லூரி 1978-இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமாயிற்று. அன்று ஒரு பெண்ணுக்காக விடுதியில் இடம் தேடிய அந்த வளாகத்தில், இன்று மாணவியர் கூட்டம் கூட்டமாக வகுப்புக்குச் செல்கின்றனர்.

நாடு கடந்த புகழ்

இலண்டன் மின்பொறியாளர் நிறுவனம் 1953-இல் லலிதா அம்மையாரைத் துணை உறுப்பினராகவும், 1966-இல் முழு உறுப்பினராகவும் ஏற்றுக்கொண்டது. 1964-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் நியூயார்க் நகரில் பெண் பொறியாளர், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாடு கூடியது. நம் நாட்டில் பெண் பொறியாளர்களுக்கென்று சங்கம் எதுவும் அப்போது இல்லை. ஆகவே எவருடைய பிரதிநிதியாகவும் அன்றி, தம் சொந்த முறையில் அவர் அதில் கலந்துகொண்டார். திரும்பி வந்தபின் வாளாவிருக்கவில்லை. 1965-இல் இலண்டன் பெண் பொறியாளர் சங்கத்தின் உறுப்பினரானார். 1967-இல் கேம்பிரிட்ஜில் இரண்டாவது மாநாடு கூடவிருந்தபோது, இந்தியப் பெண் பொறியாளர்களுக்கு அதை அறிவிக்கும் பொறுப்பை ஏற்று உழைத்தார். விடுதியில் தோழியின்றி வாடிய பெண், தம்மைப் போன்றோர் எவரும் தனியே நிற்கக் கூடாது என்று பிற்காலத்தில் பாடுபட்டது பொருத்தமே.

அந்த ஆண்டுகளில் உலகின் வேறொரு மூலையில் நடந்ததையும் இங்கே சேர்த்துச் சொல்வது, நம் பள்ளிச் சகோதரியருக்கு மகிழ்ச்சி தரும். 1965-இல் அமெரிக்காவின் விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் கணிப்பொறி அறிவியலில் டாக்டர் பட்டம் பெற்றவர் ஒரு கன்னிகை. புனித கன்னிமரியின் பிறரன்புச் சகோதரிகள் சபையைச் சேர்ந்த அருட்சகோதரி மேரி கென்னத் கெல்லர் அவர். அந்நாட்டில் இத்துறையில் டாக்டர் பட்டம் பெற்ற முதல்வர்களுள் அவரும் ஒருவர். பின்னர் அயோவா மாநிலத்துக் கிளார்க் கல்லூரியில் கணிப்பொறித் துறையைத் தொடங்கி, இருபது ஆண்டுகள் அதை வழிநடத்தினார். கைம்பெண்ணின் வெள்ளைச் சேலையும் கன்னிகையின் துறவாடையும் அறிவுக்குத் தடையல்ல என்பதை இவ்விருவரும் ஏறத்தாழ ஒரே காலத்தில் உலகுக்குக் காட்டினர்.

உடன் படித்த இருவரும் சளைத்தவர் அல்லர். திரேசியா அம்மையார் கேரளப் பொதுப்பணித்துறையில் படிப்படியாக உயர்ந்து, 1971-இல் தலைமைப் பொறியாளர் ஆனார். சாலைகளும் பாலங்களும் மருத்துவமனைக் கட்டடங்களும் அவர் மேற்பார்வையில் எழுந்தன.

இறுதி நாட்கள்

லலிதா அம்மையார் மறுமணம் செய்துகொள்ளவில்லை. தாயாகவும் தந்தையாகவும் இருந்து மகளை வளர்த்துப் படிக்கவைத்தார். எந்தக் குழந்தைக்காகப் பொறியியலைத் தேர்ந்தாரோ, அந்தக் குழந்தையைத் தம் சம்பளத்தில் ஆளாக்கினார் என்பதே அவருடைய முதல் வெற்றி. 1977-இல் பணி ஓய்வு பெற்றபின், தென்னாட்டு ஊர்களைச் சுற்றிப் பார்க்கச் சிறிது ஓய்வு கிடைத்தது. அதுவும் நீடிக்கவில்லை. 1979-ஆம் ஆண்டு அக்டோபர் 12-ஆம் நாள், அறுபது வயதில் அவர் இவ்வுலக வாழ்வை நீத்தார்.

நாம் கற்க வேண்டியவை

அன்பு மாணவியரே! இந்த அம்மையாரின் வாழ்விலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை பலவாயினும் மூன்றை மட்டும் சொல்லி முடிக்கின்றோம்.

முதலாவது, படிப்பைத் தேர்ந்தெடுக்கும்போது தம் வாழ்க்கையை நேருக்கு நேர் பார்த்துத் தேர்ந்தார். அக்கம்பக்கத்தார் என்ன சொல்வர் என்பதையோ, எல்லோரும் எதில் சேர்கிறார்கள் என்பதையோ அவர் அளவுகோலாகக் கொள்ளவில்லை. கம்ப்யூட்டர் படிப்பில் சேரும் நம் மாணவியரும் இதை நினைவில் கொள்ள வேண்டும். உயர்நிலை நிரலாக்கம் என்பது கட்டளைகளை மனப்பாடம் செய்வதன்று. ஒரு பெரிய சிக்கலைச் சிறு சிறு படிகளாகப் பிரித்து, ஒவ்வொரு படியும் சரிதானா என்று பொறுமையோடு சோதிக்கும் பயிற்சி அது. தவறு நேர்ந்தால் எங்கே நேர்ந்தது என்று தேடிக் கண்டுபிடித்துத் திருத்த வேண்டும். கணக்கில் விருப்பமும் உழைப்பில் நாட்டமும் இருந்தால் துணிந்து சேருங்கள். இல்லையேல் உங்களுக்குரிய வேறு துறையைத் தேடுங்கள்.

இரண்டாவது, தமக்குக் கிடைத்த இடம் பிறருக்கும் கிடைக்க வேண்டும் என்று பாடுபட்டார். நம் கரையோரச் சிற்றூரிலிருந்து முதன்முதலாகக் கல்லூரி விடுதிக்குச் செல்லும் மாணவி, அங்கே மொழியாலும் பழக்கத்தாலும் தனிமைப்பட்டு, இரண்டாம் மாதமே வீட்டுக்குத் திரும்பிவிட நினைப்பது உண்டு. முன்னே சென்ற அக்காமார் பின்னே வரும் தங்கைமாரைத் தேடிச் சென்று கைகொடுத்தால், அந்த மாணவி நான்கு ஆண்டுகளையும் முடிப்பாள்.

மூன்றாவது பெற்றோருக்குரியது. 1971-இல் தலைமைப் பொறியாளரான திரேசியாவுக்கும், பக்ரா அணைக்கு உழைத்த லலிதாவுக்கும் முதலில் தேவைப்பட்டது வீட்டாரின் இசைவு. இன்று கல்லூரிக் கதவுகள் திறந்தே இருக்கின்றன. கல்வி உதவித்தொகைகளும் இருக்கின்றன. வெளியூர் விடுதியா, பெண்பிள்ளையா, ஊர் என்ன சொல்லும் என்ற அச்சம்தான் பல வீடுகளில் இன்னும் பூட்டாகத் தொங்குகிறது. 1940-ஆம் ஆண்டளவிலேயே, கணவனை இழந்த மகளையே நூற்றுக்கணக்கான ஆண்கள் படிக்கும் கல்லூரிக்கு அனுப்பத் துணிந்தார் ஒரு தந்தை. அந்தப் பூட்டைத் திறக்கும் சாவி பெற்றோரிடமே இருக்கிறது.

பெண் ஒருத்தி படித்தால் அவளுடைய வீடு நிமிரும். அவள் திறந்த வழியே பத்துப் பேர் நடந்தால் ஊர் நிமிரும். லலிதா அம்மையாரின் நினைவைப் போற்றி, நாமும் ஒரு கதவையேனும் பிறருக்காகத் திறந்துவைப்போமாக.